ஊற்றை அடைத்தவர்

தேவபிரசாதத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் மண் தின்றுகொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு மாடி அறை. நாற்பத்தாறாம் வருஷம் அதில் பாதியை எனக்கு வாடகைக்கு விட்டார்கள். பெட்டியும் படுக்கையுமாக ஏறிப் போனால், ஜன்னல் ஓரத்தில் ஒல்லியாக ஒரு மனிதர் ஒரு சிட்டிகை மண்ணை முன்பல்லில் வைத்து நெறித்துக்கொண்டிருக்கிறார். "களின்னா பல்லுல ஒட்டும். இது நறநறங்குது, வண்டல்" என்றார் என்னைப் பார்த்து. வணக்கம் இல்லை, பேர் இல்லை, ஊர் இல்லை. சரிதான், ஒரு பைத்தியத்தோடு குடித்தனம் என்று நினைத்துக்கொண்டு படுக்கையை விரித்தேன்.

நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற கிளார்க். அவர் அதே துறைமுக வேலையில் வரைபடம் போடுகிறவர். அவருடைய படிப்புக்கு அந்த வேலை கால் தூசு. நாசரேத்துக்காரர், அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பட்டணத்தில் இன்ஜினீயரிங் படித்து, மராமத்து இலாகாவில் நல்ல சம்பளத்தில் இருந்தவர். நாற்பத்திரண்டில், உலகமே சண்டைக்குப் பயந்து இருக்கிற வேலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் வேலையை உதறிவிட்டு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யக் கிளம்பினார். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டுகிற ஆற்றங்கரைகளின் அடியில் மண் எப்படி அரிக்கிறது என்பது விஷயம்.

"கரைக்கு மேல நடக்கத்தான் சர்க்கார் சம்பளம் குடுக்கு. இவன் அடியில என்ன நடக்குன்னு பாக்கப் போறானாம்" என்று அவருடைய அண்ணன் எபனேசர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். சாத்தான்குளத்தில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார், மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி என்று கேட்டார். கரைக்கு அடியில் மண் போவதைப் பார்க்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். "போனா என்ன செய்வாரு?" "எவ்வளவு போச்சுன்னு நிறுத்துப் பாப்பாரு." அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. அதற்கப்புறம் யாரும் அவருக்குப் பெண் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னவர் அல்ல. வாயைத் திறப்பதே அபூர்வம். இரண்டு வருஷம் கூட இருந்து, துண்டு துண்டாகப் பிடுங்கி நான் சேர்த்தது இது.

ஆராய்ச்சிக்கு அவருக்கு ஒரு கரை வேண்டியிருந்தது. தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் புன்னைக்காயல். அங்கிருந்து சற்று மேற்கே, ஆற்றுக்கு வடக்கே காரவிளை என்று ஒரு சின்ன ஊர். பத்து நாற்பது ஓலை வீடுகள். பாதிப் பேர் பனை ஏறுகிறவர்கள், மீதிப் பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள். ஊர் பள்ளத்தில் கிடந்தது. ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மண்கரை. களிமண்ணைக் கொட்டி நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் களிமண் கரை உட்கார்ந்திருந்தது சுத்த மணலின் மேல். ஆற்றில் தண்ணீர் ஏறும்போது அது கரையை முட்டிப் பார்க்கும். முடியாவிட்டால் அடியில் இருக்கிற மணலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் ஊற்றாகக் கிளம்பும். தண்ணீர் மட்டும் வந்தால் மோசமில்லை. மணலையும் கூட்டிக்கொண்டு வந்தால், வெளியே வருகிற வாயிலிருந்து பின்னோக்கி, எலி வளை பறிப்பது போல, கரைக்கு அடியில் ஒரு துளை ஆற்றைப் பார்த்து நீளும். துளை ஆற்றைத் தொட்ட அன்றைக்குக் கரை போயிற்று. மேலே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. புல் பச்சையாக இருக்கும்.

காரவிளையில் அப்படி ஒரு ஊற்று இருந்தது. ஐப்பசியில் ஆறு ஏறியதும் கரைக்குப் பின்னால் கிளம்பும், மாசி வரை நிற்கும். தேவபிரசாதம் கரைமேல் ஒரு ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே குடியேறினார். ஜப்பான்காரனுக்குக் கரையை அளந்து கொடுக்கிற ஒற்றன் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். மண்ணை மோந்து பார்ப்பதையும் கடித்துப் பார்ப்பதையும் பார்த்த பிறகு, ஒற்றனுக்கு இவ்வளவு புத்திக் குறைவு இருக்காது என்று விட்டுவிட்டார்கள். 'மண்ணு சார்' என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்ததோடு சரி. ஒரு வீட்டிலும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லவில்லை.

அந்த ஊருக்கு அந்த ஊற்று எப்படிப்பட்டது என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். மற்ற மாதங்களில் பெண்கள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தை வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடப்பார்கள். ஊற்று ஓடுகிற நாலு மாசம்தான் அவர்கள் கால் ஓய்ந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதலில் வருகிறவள், ராத்திரி வந்து சேர்ந்த மணலைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்து வெளியே போட்டு, கலங்கல் தண்ணீரை இறைத்து, ஊற்றைத் தெளிய விட வேண்டும். வழிக்காமல் மொண்டுகொண்டு போகிறவளை மற்றவர்கள் பேசியே கொன்றுவிடுவார்கள். ஆற்றுக்குள் அது நல்ல வழக்கம். அதே வழக்கத்தைக் காரவிளைப் பெண்கள் கரைக்குப் பின்னால் இருந்த ஊற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். வாயில் மணல் குவிந்தால் ஊற்று தானாகக் கொஞ்சம் அடங்கும். அடங்க விட்டால்தானே? தினம் விடிந்ததும் வழித்துக் கரைக்கு அடியில் இருந்த மண்ணைப் பனையோலைக் கடகம் கடகமாக வெளியே எடுத்துப் போட்டார்கள்.

வழித்தவள் பெயர் இசக்கித்தாய். ஊற்றுக்கு எதிரே, ஊரிலேயே பள்ளமான இடத்தில் முதல் வீடு அவளுடையது. புருஷன் செல்லப்பாண்டி கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். அங்கே குண்டு விழுந்ததற்கப்புறம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிள்ளை கிடையாது. விடியும்போதே சிரட்டையோடு வந்துவிடுவாள். வழித்த மணலைத் தூரப் போடாமல் கடகத்தில் தன்னிடம் தரச் சொன்னார் தேவபிரசாதம். அவள் தருவாள், இவர் நிறுத்துப் பார்ப்பார்.

"வழிக்கது நல்லதில்லை, இசக்கித்தாய்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

"வழிக்காம விட்டா ஊத்து தூந்து போகாதா சார்?" என்று அவள் சிரித்திருக்கிறாள்.

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அதற்காக மட்டும் நான் அவரை மன்னிக்கவே இல்லை. மணல் கொஞ்சமாகத்தான் வந்தது, அவசரமில்லை என்றார். அது ஒரு காரணம். நிறுத்துப் பார்க்க மணல் வேண்டியிருந்தது என்பது இன்னொரு காரணம். அவள் வழிக்க வராவிட்டால் அங்கே யாருமே வரமாட்டார்கள் என்பதுதான் நிஜமான காரணம் என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அவள் பேசுவாள், இவர் கேட்பார். அரிசிக் கடையில் கியூ, உப்பளத்து மேஸ்திரியின் கெட்ட வாய், கொழும்பிலிருந்து வந்தவன் ஒருவன் சொன்ன சேதி. தண்ணீர் தெளிகிற அரைமணி நேரம் அப்படிப் போகும். அப்புறம் அந்த நாள் முழுக்க அவரிடம் பேச ஆள் கிடையாது. பைபிளைச் சத்தம் போட்டுப் படிப்பாராம், தன் குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள.

"ஒங்களுக்கு ஆளு இல்லையா சார்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அண்ணன் இருக்காரு."

"அண்ணன் இருக்கது சரி. ஆளு?"

அவர் நிறுத்த கடகத்தையே மறுபடி நிறுத்தாராம்.

இப்படி ஒரு மழைக்காலம் போயிற்று. இரண்டாவது மழைக்காலம், நாற்பத்துநாலில், ஐப்பசியிலிருந்தே மணல் கூடுதலாக வந்தது. கார்த்திகையில் அவருடைய ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கிற பேராசிரியர் பட்டணத்திலிருந்து வந்து பார்த்தார். கால் நனையாமல் பார்த்துவிட்டு, சந்தோஷப்பட்டார். "ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒரு கரையை யாரும் இந்த நாட்டில் பதிவு செய்தது இல்லை. நீர் எதிலும் கை வைக்காதீர். கை வைத்தால் அது ஆராய்ச்சி இல்லை, மராமத்து" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். முடிவு என்று அவர் சொன்னது கரை உடைவதை. அதன் கீழே ஊர் இருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

மார்கழி பிறந்து மேற்கே நல்ல மழை. ஆறு கரையின் கழுத்து வரை வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் இசக்கித்தாய் கொடுத்த கடகத்தின் கனத்தில் கை தாழ்ந்தது. உள்ளே பார்த்தார். அதுவரை வந்ததெல்லாம் நைசான வெள்ளை மணல். இன்றைக்குப் பழுப்பாக, பரும்பருமனாக, நடுவில் காக்காப்பொன் துகள் மினுங்கிக்கொண்டு இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்தார். அது ஆற்றின் நடுவில் கிடக்கிற மணல். வளை ஆற்றைத் தொடப் போகிறது, இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோதான்.

நேரே நயினாரிடம் போனார். நயினார் ஊரில் கடை வைத்திருந்தவர். ஊருக்குப் பெரியவரும் அவர்தான்.

"அண்ணாச்சி, கரை போகப் போகுது. எல்லாரையும் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"போன வருசமும் ஆறு வந்துது. என்ன ஆச்சு?"

"அப்ப இந்த மணல் வரல்ல. போக மாட்டியன்னா ஊத்தையாவது மூடணும்."

நயினார் புளியை நிறுப்பதை நிறுத்தினார். "சார், நாசரேத்துல கிணத்துல நல்ல தண்ணி. ஒங்களுக்கு இது வெளையாட்டு. ஊத்துல கைய வச்சா பொம்பளைங்க ஒங்களச் சும்மா விட மாட்டாளுவ. என்னாலயும் அவங்கள அடக்க முடியாது."

திரும்பி வந்தபோது இசக்கித்தாய் இன்னும் ஊற்றடியில் இருந்தாள். அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மூடினா தண்ணி நின்னு போயிருமா?"

"நிக்காது. கீழே பரும்மணல், மேல சிப்பி, அதுக்கு மேல கல்லுன்னு அடுக்குவேன். மணல் தங்கிரும், தண்ணி மட்டும் கசிஞ்சு மேல வரும். இதவிடத் தெளிவா வரும்."

"சத்தியமா?"

"நாங்க வேதக்காரங்க, சத்தியம் பண்ணுறது இல்ல. ஆமான்னா ஆமா."

"அது போதும்" என்றாள்.

புன்னைக்காயலிலிருந்து வண்டியில், கடலில் வெட்டின முருகைக்கல்லும் உடைந்த சிப்பியும் வந்தன. ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஊற்றைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இசக்கித்தாய் அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள். "சார் சொல்லுதாக, தண்ணி வரும். வரல்லன்னா எங்கிட்ட வந்து கேளுங்க" என்றாள். தினமும் ஊற்றை வழித்துத் தெளிய வைக்கிறவள் அவள். அந்த மரியாதைக்காக வழி விட்டார்கள். அவரும் வண்டிக்காரர்களுமாக இருட்டுவதற்குள் அடுக்கி முடித்தார்கள். ஊற்று வாய் மட்டும் போதாது, சுற்றிலும் கொப்பளித்துக்கொண்டிருந்த ஈரம் பூராவையும் அகலமாக மூட வேண்டியிருந்தது. முடித்ததும் கல் இடுக்கில் தண்ணீர் கசிந்தது. பொட்டு மணல் இல்லை. இசக்கித்தாய் கல்லைத் தொட்டுப் பார்த்து, பெண்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் விடியற்காலையில் ஆறு இன்னும் ஒரு சாண் ஏறி, அதற்கடுத்த நாள் இறங்கியது. கரை நின்றது.

கசிந்த தண்ணீரோ ஒரு வாயாக வரவில்லை. கற்குவியலின் விளிம்பு முழுக்கப் பரவி, சுற்றியிருந்த உவர்மண்ணில் ஊறித்தான் வெளியே வந்தது. குடத்தில் பிடிக்க முடியவில்லை. குழி வெட்டிப் பிடித்தால் கரித்தது. மணலை எடை போடத் தெரிந்த மனுஷனுக்கு அந்த உவர்மண் நினைவுக்கு வரவில்லை. வாய்க்கால் வெட்டினார், களிமண் பூசினார், பானை புதைத்தார். எல்லாம் உப்பு. ஆறு நிறைய இருக்கிற வரைக்கும் கல்லைத் திறக்கவும் முடியாது.

பெண்கள் குடத்தைக் கொண்டுவந்து இசக்கித்தாய் வீட்டு வாசலில் வரிசையாக வைத்தார்கள். "எங்க ஏளா தண்ணி?" என்று கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தாள். யாரும் அவளோடு சேர்ந்து நடக்கவில்லை. கரையோரமாகத்தான் பாதை. குடிசையைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பவில்லை. அவர் ஒரு நாள் எழுந்து நின்று "இசக்கித்தாய்" என்று கூப்பிட்டார். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

பங்குனி வரை அங்கேயே இருந்தார். ஒரு வார்த்தை பேச ஒரு ஜீவன் கிடையாது. பட்டினியைக்கூடத் தாங்கலாம், அதைத் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படி வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

ஆராய்ச்சியை எழுதிப் பட்டணத்துக்குக் கொடுத்தார். வாயால் கேள்வி கேட்கிற பரீட்சையில், கரை உடையப் போகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர் என்றார்கள். மணலை வைத்து என்றார். கரை உடைந்ததா என்றார்கள். இல்லை என்றார். அப்படியானால் உடைந்திருக்கும் என்பது உம்முடைய அபிப்பிராயம், வேறொரு கரையைப் பார்த்து, கை வைக்காமல், முடிவு வரை இருந்து எழுதிக்கொண்டு வாரும் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வேறு கரை பார்க்கப் போகவில்லை. தூத்துக்குடிக்கு வந்து படம் வரைய உட்கார்ந்துவிட்டார்.

நாற்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை நான்தான் காரவிளைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று ஒரு வாரமாகச் சொன்னவர், அன்றைக்கு எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். கரை பச்சைப் பசேலென்று இருந்தது. அதன் பின்னால், அவர் அடுக்கிய கற்குவியல் மேலேயே, புதிதாக ஒரு ஓட்டு வீடு. பள்ளமான ஊரில் மழைத் தண்ணீர் தேங்காத மேடு அது ஒன்றுதான். செல்லப்பாண்டி கொழும்பிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்து, கட்டியிருந்தான். வாசலில் இசக்கித்தாய், இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"யாரு இவுக?" என்று செல்லப்பாண்டி அவளைக் கேட்டான்.

"நம்ம ஊத்த அடைச்சவுக" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பேர் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

தேவபிரசாதம் குழந்தையைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். "அன்னைக்கு அடைக்கல்லன்னா கரை போயிருக்கும், இசக்கித்தாய்."

"கரைதான் உடையல்லியே சார்."

"அடைச்சதாலதான் உடையல்ல."

"அடைக்கதுக்கு முன்னாலயும் உடையல்லியே" என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஊருக்கு முன்னால ஒங்க சொல்லுக்கு நின்னேன் சார். இன்னைக்கு வரைக்கும் எங்கூட ஒருத்தி தண்ணிக்குச் சேந்து வாரதில்ல. உடையாத கரைக்கு எதுக்கு அடைச்சிய?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏளா, உன் வீடும் உன் பிள்ளையும் எதன் மேல் நிற்கிறது தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "வாரோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கரைமேல் வெகு தூரம் வந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. "அந்தக் கரை உடைஞ்சே போயிருக்கலாம். நீரும் டாக்டர் ஆயிருப்பீர், அவளும் உம்மை நம்பியிருப்பா" என்றேன்.

"அன்னைக்கு ஆறு ஏறினது விடியக்காலம்" என்றார் அவர். "அவ ஊத்துல குனிஞ்சு வழிச்சிக்கிட்டு இருந்திருப்பா. நம்புறதுக்கு அவ இருந்திருக்க மாட்டா."